காற்றாடி வந்தது, கம்பி வந்ததா?



நம் பழைய மாணவர் குழுவில் ஒரு தம்பி செய்தி ஒன்றைப் பகிர்ந்திருந்தார். ராஜஸ்தானில் நல்ல வெயில் நேரத்தில் சூரிய மின் நிலையங்களைப் பார்த்து "உற்பத்தியைக் குறையுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள் என்பது செய்தி. கீழே அவர் கேட்ட கேள்வி: "சார், வெயிலுக்குக் காசு இல்லை. தகடும் வைத்தாகிவிட்டது. அப்புறம் எதற்கு நிறுத்தச் சொல்கிறார்கள்?"

ஒரு வரியில் பதில் சொல்வதென்றால், "கொண்டுபோகக் கம்பி இல்லை" என்று சொல்லலாம். ஆனால் கம்பி ஏன் இல்லை என்று கேட்டால் அது நாற்பது வருடக் கதை. அந்தக் கதை நம் தெற்குச் சீமையில்தான் தொடங்குகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

முதலில் கம்பி என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். கண்மாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது எளிது. கண்மாயில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் மடையின் அளவுக்குத்தான் வெளியே வரும். மடைக்கு அப்புறம் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைமடைக்குப் போய்ச் சேராது. மின்சாரமும் அப்படித்தான். காற்றாலையிலிருந்து ஊர்த் துணைமின் நிலையம், அங்கிருந்து 110 கிலோவோல்ட், 230 கிலோவோல்ட், 400 கிலோவோல்ட் என்று படிப்படியாக ஏறி, சென்னைக்கும் கோவைக்கும் போக வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி சிறிதாக இருந்தாலும் மொத்தமும் அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். தண்ணீரையாவது கண்மாயில் தேக்கி வைக்கலாம். மின்சாரத்தை அந்த அளவுக்குத் தேக்கும் வசதி அன்று கிடையாது. வாங்கிக்கொள்ள வழியில்லாத நொடியிலேயே அது வீண்.

மத்திய அரசு 1982-ல் மரபுசாரா எரிசக்திக்கென்று ஒரு துறையைத் தொடங்கியது. அதன் முயற்சியில் 1986-ல் நாட்டின் முதல் சில காற்றாலைப் பண்ணைகள் வந்தன. அவற்றில் ஒன்று தூத்துக்குடிக்குப் பக்கத்தில் உள்ள முள்ளக்காடு. பிறகு கயத்தாறு, முப்பந்தல் என்று பரவியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் எங்கெல்லாம் இடைவெளி உண்டோ அங்கெல்லாம் தென்மேற்குப் பருவக்காற்று பிய்த்துக்கொண்டு வரும். ஆரல்வாய்மொழிக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், கம்பம் பள்ளத்தாக்கு, பாலக்காட்டுக் கணவாய் ஆகிய நான்கும்தான் நம் காற்று வாசல்கள். மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை காற்றுக் காலம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

அரசு முன்மாதிரி காட்டியது. ஆனால் நூற்றுக்கணக்கில் காற்றாடிகள் முளைத்ததற்குக் காரணம் வரிச்சலுகை. இயந்திரம் வாங்கினால் வருடாவருடம் அதன் தேய்மானத்தை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்பது பொதுவிதி. காற்றாலைக்கு மட்டும் 1990-களில் முழு விலையையும் முதல் வருடமே கழித்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பின்னாளில் அது 80 சதவீதம் ஆனது. நல்ல லாபத்தில் ஓடிய நூற்பாலைக்காரர்களுக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. வரியும் குறையும், ஆலைக்குச் சொந்த மின்சாரமும் கிடைக்கும். முப்பந்தல் பொட்டலில் கோயம்புத்தூர், ராஜபாளையம் ஆலைகளின் காற்றாடிகள் வந்தது இப்படித்தான்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வருமான வரிச் சட்டப்படி, ஒரு இயந்திரம் அந்த நிதியாண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் பாதிச் சலுகைதான். ஆகவே செப்டம்பர் இறுதிக்குள் ஓட்டிவிட்டால் முழுச் சலுகை, மார்ச் 31-க்குள் ஓட்டிவிட்டால் பாதிச் சலுகை. காற்றாடியை எப்போது நிறுத்துவது என்பதைக் காற்று தீர்மானிக்கவில்லை, கணக்குப்பிள்ளை தீர்மானித்தார். அதோடு, சலுகை காற்றாடியை நிறுவுவதற்குத்தான். அது எத்தனை யூனிட் தந்தது என்பதற்கு அல்ல. யூனிட்டுக்கு 50 காசு என்று உற்பத்தியைப் பார்த்துத் தரும் ஊக்கத்தொகை 2009-ல்தான் வந்தது.

பணத்துக்கு இப்படி ஒரு காலண்டர். கம்பிக்கு வேறொரு காலண்டர்.

காற்றாடி ஒன்றை நிறுத்தச் சில மாதங்கள் போதும். பெரிய பண்ணைக்கு ஒரு வருடம், ஒன்றரை வருடம். ஆனால் 400 கிலோவோல்ட் கம்பி இழுக்க என்னென்ன வேண்டும்? பாதை அளக்க வேண்டும். துணைமின் நிலையத்துக்கு நிலம் வேண்டும். பெரிய டிரான்ஸ்பார்மர் கடையில் கிடைக்கிற பொருள் அல்ல. சொல்லிச் செய்து வாங்க வேண்டும். வழியில் ரயில் பாதை இருந்தால் ரயில்வேயிடமும், காடு இருந்தால் வனத்துறையிடமும் அனுமதி வாங்க வேண்டும். ஒவ்வொரு கோபுரத்துக்கும் ஒரு விவசாயியின் வயலில் கால் ஊன்ற வேண்டும். எல்லாம் சேர்த்து மூன்று, நான்கு வருடங்கள் ஆகும். ஒரு வருடத்தில் முடிகிற வேலைக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, நான்கு வருட வேலையை நாளை பார்க்கலாம் என்று விட்டால் என்ன ஆகும்?

2012-ல் என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். உங்களில் பலர் அப்போது பத்தாவது, பன்னிரண்டாவது படித்தீர்கள். சென்னையில் இரண்டு மணி நேரம் மின்வெட்டு என்றால் வெளி மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கு மேல். அதே சமயம் தமிழ்நாட்டில் சுமார் 7,000 மெகாவாட் காற்றாலைகள் நின்றன. அன்றைக்கு நாட்டிலேயே நாம்தான் முதலிடம். காற்றுக் காலத்து இரவில், ஊர் தூங்கும் நேரத்தில், காற்றாடிகளை நிறுத்தச் சொல்கிறார்கள் என்று காற்றாலைக்காரர்கள் முறையிட்டார்கள். கரன்ட் இல்லை என்று மக்கள் ஒரு பக்கம், கரன்ட்டை வாங்க ஆளில்லை என்று காற்றாலைக்காரர்கள் மறுபக்கம். இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

மிச்சத்தை வடக்கே விற்றிருக்கலாமே என்று கேட்பீர்கள். தென் மாநிலங்களின் மின்தொகுப்பு மற்ற இந்தியாவோடு ஒரே தாளத்தில் இணைந்ததே 2013 டிசம்பர் 31-ல்தான். ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் கம்பி அன்றுதான் உயிர் பெற்றது. அதுவரை குறிப்பிட்ட சில இடங்கள் வழியாக மட்டும், குறிப்பிட்ட அளவு மட்டும் கொடுக்கல் வாங்கல்.

அந்தச் சமயத்தில்தான் டெல்லிக்கும் உறைத்தது. காற்றும் வெயிலும் நிறைந்த மாநிலங்களுக்குத் தனியாகப் பசுமை மின்வழித் தடங்கள் வேண்டும் என்று பவர்கிரிட் நிறுவனம் 2012-ல் திட்டம் வரைந்தது. மாநிலங்களுக்குள் போடும் தடங்களுக்கு 2015-ல் ஒப்புதல் கிடைத்தது. தமிழ்நாடு உட்பட எட்டு மாநிலங்கள், சுமார் 9,700 சர்க்யூட் கிலோமீட்டர் கம்பி, ஜெர்மனியின் கேஎப்டபிள்யூ வங்கிக் கடன். நல்ல திட்டம். ஆனால் அதற்கும் கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. காரணம் மேலே சொன்னதுதான். கம்பியின் காலண்டரை யாராலும் வேகமாகக் கிழிக்க முடியாது.

இனி ஏலத்துக்கு வருவோம்.

சாதாரண ஏலத்தில் விலை ஏறும். இது தலைகீழ் ஏலம். "இவ்வளவு மெகாவாட் மின்சாரம் வேண்டும், யார் குறைந்த விலைக்குத் தருவீர்கள்?" என்று அரசு கேட்கும். குறைத்துக் கேட்டவருக்கு 25 வருட ஒப்பந்தம். தேசிய சூரிய மின் இயக்கம் 2010 ஜனவரியில் தொடங்கியது. அந்த ஆண்டு இறுதியில் நடந்த முதல் சூரியத் தகடு ஏலத்தில் மிகக் குறைந்த விலை யூனிட்டுக்கு 10 ரூபாய் 95 காசு. மறு ஆண்டு 7 ரூபாய் 49 காசு. 2013-ல் இன்னொரு மாதிரி செய்தார்கள். 750 மெகாவாட்டுக்கு, யூனிட் விலையை 5 ரூபாய் 45 காசு என்று அரசே நிர்ணயித்துவிட்டு, "நிலையம் கட்ட யார் குறைந்த மானியம் கேட்கிறீர்கள்?" என்று மானியத்தையே ஏலம் விட்டார்கள். மெகாவாட்டுக்கு அதிகபட்சம் இரண்டரைக் கோடி ரூபாய் என்று வரம்பு. இதை நடத்தியது 2011-ல் தொடங்கப்பட்ட இந்திய சூரிய எரிசக்திக் கழகம். செகி என்று செய்திகளில் வருவது இதுதான்.

ஏலம் வந்ததால் விலை சரிந்தது என்பதை மறுக்க முடியாது. ஏழைபாழைகள் கட்டும் பில்லுக்கு அது நன்மைதான். ஆனால் ஏலம் தன் கடிகாரத்தையும் கூடவே கொண்டுவந்தது. ஜெயித்தவர் இத்தனை மாதத்துக்குள் மின்சாரம் தர வேண்டும், தவறினால் அபராதம். அந்தக் கடிகாரத்தைக் கம்பியின் கடிகாரத்தோடு யார் சேர்த்து வைத்தார்கள்? இந்தக் கேள்விக்குத்தான் 2017 பிப்ரவரி ஒரு நல்ல பாடம். அந்த ஒரே மாதத்தில் இரண்டு ஏலங்கள் நடந்தன.

முதலாவது, மத்தியப் பிரதேசத்தின் ரேவா சூரியப் பூங்கா, 750 மெகாவாட். இங்கே நிலத்தை அரசு முன்னமே ஒதுக்கியிருந்தது. கம்பி எங்கே வரும், எந்தத் துணைமின் நிலையத்தில் சேரும் என்பதும் ஏலத் தாளிலேயே இருந்தது. கம்பியில் குறை வந்து மின்சாரத்தை அனுப்ப முடியாமல் போனால் இழப்பீடு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். வாங்குபவர்களில் டெல்லி மெட்ரோவும் ஒன்று. ஏலத்தின் முடிவில் முதல் ஆண்டு விலை 2 ரூபாய் 97 காசு. அதற்கு ஒரு வருடம் முன்னால், 2016 ஜனவரியில், ராஜஸ்தானில் 4 ரூபாய் 34 காசுக்கு வந்ததையே உலக அதிசயமாகப் பேசினார்கள். தகட்டின் விலை குறைந்தது ஒரு காரணம். மற்றொரு காரணம் பயம் குறைந்தது. கம்பி வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இருக்கும்போது, கேட்கிறவர் அந்தப் பயத்துக்கும் சேர்த்துத்தான் விலை வைப்பார். 2020 ஜனவரியில் ரேவா முழுமையாக ஓடத் தொடங்கியது.

இரண்டாவது, அதே மாதம் செகி நடத்திய நாட்டின் முதல் காற்றாலை ஏலம். சுமார் 1,000 மெகாவாட். விலை 3 ரூபாய் 46 காசு. தமிழ்நாட்டில் அப்போது ஒழுங்குமுறை ஆணையம் காற்றாலைக்கு வைத்திருந்த விலை 4 ரூபாய் 16 காசு. ஆகவே பெரிய வெற்றி என்று கொண்டாடினார்கள். அந்த அக்டோபரில் அடுத்த ஏலம் 2 ரூபாய் 64 காசுக்கு இறங்கியது. டிசம்பரில் குஜராத் மாநில ஏலத்தில் 2 ரூபாய் 43 காசு.

ஆனால் செகி நடத்திய இந்த ஏலத்தில் இடத்தை அரசு சொல்லவில்லை. "எங்கே வேண்டுமானாலும் கட்டுங்கள், மாநிலங்களுக்கு இடையிலான கம்பியில் கொண்டுவந்து சேருங்கள், 18 மாதம் அவகாசம்" என்பதுதான் விதி. அடிமட்ட விலைக்கு ஜெயித்தவர் எங்கே போவார்? காற்று அதிகம் வீசும் இடத்துக்குத்தான் போவார். எல்லோரும் அப்படியே யோசித்ததால் எல்லோரும் ஒரே சில இடங்களில் போய் நின்றார்கள். குஜராத்தில் கட்ச், நம் பக்கம் திருநெல்வேலி, தூத்துக்குடி. கம்பி வாசல் ஒன்று, வாசலில் நிற்பவர்களோ பலர். சிலர் சொன்னபடி முடித்தார்கள். மற்றவர்கள், முக்கியமாகக் கட்ச் பக்கம் போனவர்கள், நிலமும் துணைமின் நிலையமும் தயாராகாமல் கெடுவைத் தாண்டினார்கள். அபராதம் போடலாமென்றால் "கம்பி இல்லாதது என் குற்றமா?" என்ற நியாயமான கேள்வி. ஆகவே கெடுவை நீட்டித்தார்கள். இப்படி நீட்டிக்கும் காலமெல்லாம் ஏலத்தில் மலிவாகக் கிடைத்த மின்சாரம் காகிதத்தில் மட்டும் மலிவு.

ஒரு விலையைக் கேட்டால் அதன் பக்கத்தில் ஒரு தேதியையும் கேட்க வேண்டும் என்பது இதில் உள்ள பாடம். "2 ரூபாய் 64 காசு" என்பது பாதிச் செய்தி. "எப்போதிலிருந்து, எந்தத் துணைமின் நிலையம் வழியாக" என்பது மீதிச் செய்தி.

வரிசையைச் சரியாக அமைத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்தில் பாவகடா. மழை பொய்க்கும் வறட்சி பூமி. அங்கே ஐந்து கிராமங்களில் சுமார் 13,000 ஏக்கர் நிலத்தை அரசு நிறுவனம் குத்தகைக்கு எடுத்தது. விலைக்கு வாங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏக்கருக்கு வருடம் 21,000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் உயர்வு. நிலம், சாலை, துணைமின் நிலையம், கம்பி எல்லாம் பூங்கா நடத்துபவரின் பொறுப்பு. ஏலத்தில் ஜெயித்தவர் தகடு வைத்தால் போதும். 2018 மார்ச்சில் தொடங்கி, பின்னர் 2,050 மெகாவாட் வரை வளர்ந்தது. குறையே இல்லையா என்றால் உண்டு. நிலம் வைத்திருந்தவருக்குக் குத்தகை வந்தது. அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவருக்கும் ஆடு மேய்த்தவருக்கும் எதுவும் வரவில்லை. கம்பி விஷயத்தைச் சரிசெய்வதாலேயே எல்லா நியாயமும் கிடைத்துவிடாது. ஆனால் கம்பிக்காகக் காத்துக் கிடக்கும் நஷ்டம் அங்கே பெருமளவு தவிர்க்கப்பட்டது.

இப்போது கொஞ்சம் தூரமாக, ஐரோப்பாவின் வடகடலுக்குப் போவோம். காரணம் இருக்கிறது. நம் மன்னார் வளைகுடாவில் கடலுக்குள் காற்றாலை கட்டும் திட்டம் வந்துகொண்டிருக்கிறது. அதில் நமக்கு முன்னால் போனவர்கள் பட்ட பாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஜெர்மனியில் போர்க்கும் என்று ஒரு தீவு. அதன் அருகே ரிப்காட் என்ற காற்றாலைப் பண்ணை. 30 காற்றாடிகள், 108 மெகாவாட். 2013 ஆகஸ்டில் திறப்பு விழா நடத்தினார்கள். ஆனால் கரைக்குக் கேபிள் வரவில்லை. கேபிள் போகும் வழியில், கடலடியில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து வெடிபொருட்கள் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. சும்மா நின்றால் இயந்திரம் உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடும். ஆகவே டீசல் ஜெனரேட்டர் வைத்து, டீசலை எரித்து, காற்றாடியைச் சுற்ற வைத்தார்கள்! மின்சாரம் கரைக்கு வந்தது 2014 பிப்ரவரியில். இழப்பீடு யார் கொடுத்தது? கேபிள் தாமதத்துக்கான இழப்பீட்டை மின் கட்டணத்தோடு சேர்த்து மக்களிடமே வசூலிக்க அதற்குள் ஜெர்மனியில் சட்டம் வந்திருந்தது. கடலில் நின்ற காற்றாடிக்குக் கரையில் இருந்த குடும்பங்கள் பணம் கட்டின.

ஜெர்மனி பாடம் கற்றது. கேபிள் எப்போது, எந்த இடத்துக்கு வரும் என்று முதலில் திட்டம், அந்த இடத்துக்கு மட்டும் ஏலம் என்று சட்டத்தை மாற்றிக்கொண்டது. பக்கத்து நாடான நெதர்லாந்து ஆரம்பத்திலேயே சரியான வரிசையில் போனது. 2015-ல் சட்டம் போட்டு, இடத்தை அரசே தேர்ந்தெடுத்தது. கடலடி மண்ணையும் காற்றையும் அரசே ஆராய்ந்து விவரங்களைப் பொதுவில் வைத்தது. டெனெட் என்ற அரசு மின்தொடர் நிறுவனம் 700 மெகாவாட் அளவில் ஒரே மாதிரியான கடல் மேடைகளைக் கட்டித் தரும், தாமதமானால் ஈடு கிடைக்கும் என்றது. அதற்கப்புறம்தான் மானிய ஏலம். போர்செல் என்ற இடத்துக்கு 2016 ஜூலையில் யூனிட்டுக்கு 7.27 யூரோ சென்ட், டிசம்பரில் அதன் அடுத்த பகுதிக்கு 5.45 சென்ட். 2018-ல் வேறொரு இடத்தை மானியமே வேண்டாம் என்று ஒருவர் எடுத்தார். இந்த விலைகளில் கேபிள் செலவு சேரவில்லை, அதை நாடு தனியாகச் சுமந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வரிசை தப்பவில்லை. போர்செலின் முதல் மேடை 2019-ல் தயார். காற்றாலை 2020-ல் தயார். மாப்பிள்ளை வரும்முன் பந்தல் ரெடி!

இதே நெதர்லாந்து தரையில் கோட்டை விட்டது என்பதுதான் வேடிக்கை. நிலம் மலிவாகக் கிடைத்த வடக்கு மாகாணங்களில் மானியம் வாங்கிக்கொண்டு சூரியப் பண்ணைகள் குவிந்தன. அங்கே கம்பியோ கிராமத்துக்குப் போட்ட மெல்லிய கம்பி. நெரிசல் தாங்காமல், 2019 முதல் மானியத்துக்கு விண்ணப்பிப்பவர் "இங்கே கம்பியில் இடம் உண்டு" என்று மின்தொடர் நிறுவனத்திடம் தாள் வாங்கி இணைக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். ஒரு தாள்தான். ஆனால் அந்த ஒரு தாள் இரண்டு காலண்டர்களையும் பின் குத்திச் சேர்க்கிறது.

நம் நாட்டிலும் மெல்ல மெல்லச் சேர்க்கிறார்கள். 2022-ல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இணைப்பு விதிகளை மாற்றியது. அதற்கு முன்னால், நிலமும் இல்லாமல் ஒப்பந்தமும் இல்லாமல் கம்பியில் இடம் பிடித்து வைத்துக்கொண்டவர்கள் பலர். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்பது நமக்குத் தெரியாதா! இப்போது துண்டு போட்டால் போதாது. ஏலத்தில் ஜெயித்த கடிதம், அல்லது நிலப் பத்திரம், அல்லது மெகாவாட்டுக்குப் பத்து லட்சம் ரூபாய் வங்கி உத்தரவாதம் காட்ட வேண்டும். அதே 2022 டிசம்பரில், 2030-க்குள் 500 கிகாவாட் மாசில்லா மின்சாரத்துக்கு என்ன கம்பி வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் கணக்குப் போட்டு வெளியிட்டது. சுமார் 51,000 சர்க்யூட் கிலோமீட்டர், 2.44 லட்சம் கோடி ரூபாய். எங்கே கம்பி வரப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்வது நல்ல பழக்கம்.

ஆனாலும் பழைய குணம் முழுதாகப் போகவில்லை. மாநிலம் விட்டு மாநிலம் மின்சாரம் கொண்டுபோகும் கட்டணத்தை முழுமையாகத் தள்ளுபடி செய்யும் சலுகைக்கு 2025 ஜூன் 30 கெடு. அதற்குப் பிறகு வருடம் 25 சதவீதமாகக் கட்டணம் ஏறும். அந்தத் தேதிக்குள் ஓட்டிவிட வேண்டும் என்று எல்லோரும் முண்டியடித்தார்கள். முப்பந்தலில் மார்ச் 31-க்கு ஓடிய அதே ஓட்டம், முப்பது வருடம் கழித்து ராஜஸ்தான் மணலில். தகடு தேதிக்குள் வந்தது. கம்பி வரவில்லை. தம்பி பகிர்ந்த செய்தியின் வேர் இங்கேதான் இருக்கிறது. இன்னொரு பக்கம், ஏலம் விட்டும் வாங்க மாநிலம் கிடைக்காமல், ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் 2025-ல் நின்றது 40,000 மெகாவாட்டுக்கு மேல். இந்தத் தேக்கத்துக்குக் கம்பி தாமதமும் ஒரு காரணம். எப்போது வந்து சேரும் என்று தெரியாத மின்சாரத்துக்கு எந்த மின்வாரியம் 25 வருடக் கையெழுத்துப் போடும்?

"அப்படியானால் முதலில் கம்பியைப் போட்டுவிட வேண்டியதுதானே சார்" என்பீர்கள். அவ்வளவு சுலபமில்லை. கம்பி போட்டு, காற்றாலை வராவிட்டால் அந்தச் சும்மா கிடக்கும் கம்பிக்கும் செலவு உண்டு. அதுவும் நம் பில்லில்தான் வரும். கம்பியை வேகமாகப் போடு என்பதும் சொல்ல எளிது. 2018-ல் கொங்கு மண்டலத்தில் விவசாயிகள் உயர்மின் கோபுரங்களை எதிர்த்துப் போராடியதை நினைத்துப் பாருங்கள். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூருக்கு வந்த பெரிய கம்பியும் அதில் உண்டு. கோபுரம் நடுவதற்கு அரசுக்கு இருக்கும் அதிகாரம் 1885-ஆம் வருடத்துத் தந்திச் சட்டத்திலிருந்து வருவது. வெள்ளைக்காரன் தந்திக் கம்பம் நடப் போட்ட சட்டத்தை வைத்து 800 கிலோவோல்ட் கோபுரம் நட்டால், தென்னையை இழந்தவன் கேள்வி கேட்கத்தான் செய்வான். ராஜஸ்தானிலும் குஜராத்திலும் கானமயில் என்ற அரிய பறவை கம்பியில் மோதிச் சாகிறது என்று 2021-ல் உச்ச நீதிமன்றமே தலையிட்டது. கம்பியின் காலண்டர் மெதுவாக நகர்வது எப்போதும் சோம்பேறித்தனத்தால் அல்ல. அதில் பாதி, பலருடைய நியாயத்தைக் கேட்க ஆகும் நேரம். அதை மிதித்துக்கொண்டு ஓடக் கூடாது. ஆகவே ஓட வேண்டியது கம்பி அல்ல, பொறுக்க வேண்டியது ஏலம். கம்பி எப்போது வரும் என்று நேர்மையாக ஒரு தேதி குறித்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி ஏலத்தை வைக்க வேண்டும். கல்யாணத் தேதி குறித்துவிட்டு மண்டபம் தேடுகிறவர்கள் உண்டு. மண்டபம் கிடைக்கும் தேதியில் முகூர்த்தம் பார்ப்பவர்கள்தான் நிம்மதியாக இருப்பார்கள்.

கடைசியாக நம் கடலுக்கு வருகிறேன். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை கடல் காற்றாலைக்கு 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட். மானியம் ஏலத்தில் தீர்மானிக்கப்படும். கடல் துணைமின் நிலையமும் கரைக்கு வரும் கேபிளும் பவர்கிரிட் கையில். தாளில் பார்த்தால் இது நெதர்லாந்தின் வழி. சந்தோஷம். தாளில் இருப்பது தண்ணீரில் நடக்க வேண்டும். அந்தக் கடல் வெறுங்கடல் அல்ல. நம் மீனவர் வலை விரிக்கும் கடல். கேபிள் எந்த வழியாக வரும், எந்த ஊரில் கரை ஏறும் என்பதை அவர்களிடம் ஏலத்துக்கு முன்னால் பேசினால் அது திட்டம். ஏலத்துக்குப் பின்னால் பேசினால் அது தகராறு.

என் பிள்ளைகளே, உங்களில் சிலர் மின்வாரியத்தில் இருக்கிறீர்கள், சிலர் சோலார் கம்பெனிகளில், சிலர் பத்திரிகையில், சிலர் அரசியலிலும். மற்ற எல்லோரும் கரன்ட் பில் கட்டுகிறீர்கள். இனிமேல் "மிகக் குறைந்த விலைக்கு ஏலம்" என்ற தலைப்பைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தத் துணைமின் நிலையம்? கம்பி எந்த மாதம்? இரண்டில் ஒன்று தாமதமானால் நஷ்டம் யாருக்கு? மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லாவிட்டால், நஷ்டம் நமக்குத்தான் என்று புரிந்துகொள்ளுங்கள்.

துணைமின் நிலையங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நேரில் கண்டதைக் கீழே எழுதினால் எல்லோரும் கற்றுக்கொள்வோம். எல்லோரும் நலமாக இருங்கள். வாழ்க வளமுடன்.